கொரியா கடலில் மட்டுமா வென்றது?

1592இல் ஜப்பான் கொரியாமீது படையெடுத்ததைப் பற்றி எங்கே படித்தாலும் கதை மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. தரையில் கொரியப் படை சிதறி ஓடியது. கடலில் யி சுன்-சின் என்ற தளபதி ஜப்பானியக் கப்பல்களை முடக்கினார். பிறகு சீனாவிலிருந்து மிங் பேரரசின் படை வந்து நாட்டை மீட்டுக் கொடுத்தது. 2014இல் வெளியான ‘மியோங்ரியாங்’ திரைப்படத்தைக் கொரியாவில் மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் பார்த்தார்கள். கடற்போர்க் காட்சிகளின் பிரம்மாண்டம் இந்த மூன்று வரிக் கதையை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டது. கொரியப் படங்களை விரும்பிப் பார்க்கும் நம் இளைஞர்களிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

யி சுன்-சின்னின் பெருமையில் குன்றிமணி அளவும் குறைக்க எனக்கு எண்ணமில்லை. மிங் படையின் பங்கையும் மறுக்கவில்லை. நான் மறுப்பது அந்த முதல் வரியை. போரின் தொடக்க வாரங்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு தீர்ப்பை எடுத்து ஏழாண்டுப் போர் முழுவதன்மீதும் போர்த்திவிட்டார்கள். கோட்டைச் சுவரிலும் கணவாயிலும் நின்று செத்தவர்களின் கணக்கு அதன் அடியில் புதைந்துபோனது. அவர்கள் நின்றிருக்காவிட்டால் யி சுன்-சின்னுக்குத் துறைமுகமே மிஞ்சியிருக்காது என்பதுதான் என் வாதம்.

தோல்விகளை முதலில் ஒப்புக்கொள்வோம். 1592 மே 23 அன்று கோனிஷி யுகினாகாவின் முதல் படைப்பிரிவு புசான் கரையை அடைந்தது. மறுநாள் புசான் கோட்டை விழுந்தது. அதற்கு அடுத்த நாள் தோங்னே. அங்கே வழிவிட மறுத்த ஆட்சியாளர் சோங் சாங்-ஹியோன் தம் இடத்தைவிட்டு அசையாமல் உயிர்விட்டார். ஆனாலும் கோட்டை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. ஜூன் 7 அன்று சுங்ஜுவுக்கு அருகில் ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குதிரைப்படையை நிறுத்திய தளபதி சின் ரிப், படையோடு அழிந்தார். ஜூன் 12 அன்று தலைநகர் ஹான்யாங், அதாவது இன்றைய சியோல், ஜப்பானியர் கையில். கரையிறங்கி இருபதே நாள். அரசர் சோன்ஜோ அதற்கு முன்பே வடக்கே கிளம்பிவிட்டிருந்தார். அடுத்த மாதம் யோங்கின் என்ற இடத்தில் தென் மாகாணங்கள் மூன்றும் திரட்டிய ஏறக்குறைய 50,000 பேரை வாகிசாகா யாசுஹாருவின் சுமார் 1,600 பேர் சிதறடித்தார்கள். இதில் மறைக்கவோ பூசி மெழுகவோ ஒன்றுமில்லை.

ஆனால் ஏன் சிதறினார்கள் என்று கேட்க வேண்டாமா? போர்க்காலத்தில் தலைமை அமைச்சராக இருந்த யு சோங்-ரியோங் தம் ‘ஜிங்பிரோக்’ நூலில் இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார். அன்றைய கொரியப் படை ஏற்பாட்டின்படி, எதிரி வந்தால் ஊர் ஊராக உள்ள வீரர்கள் குறித்த இடத்தில் கூட வேண்டும். அவர்களை நடத்தும் தளபதி தலைநகரிலிருந்து வருவார். தேகு அருகே ஆற்றங்கரையில் அப்படித்தான் கூடினார்கள். தளபதி வரவில்லை. மழை கொட்டியது. கையிருப்புச் சோறு தீர்ந்தது. எதிரி நெருங்கிக்கொண்டிருந்தான். ஒரே இரவில் முகாம் காலியானது. யாரென்றே தெரியாத ஒரு தலைவனுக்காக நனைந்துகொண்டு காத்திருந்த குடியானவர்களைக் கோழைகள் என்று எழுதுவது எளிது. அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் தலைநகரில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அப்படி எழுதுபவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

யோங்கின் களத்திலிருந்து ஒருவர் தம் ஆட்களைச் சிதறவிடாமல் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். பெயர் குவான் யுல். 46 வயதில் அரசுத் தேர்வு எழுதித் தேறிய குடிமை அதிகாரி அவர். போரின்போது குவாங்ஜுவின் ஆட்சியாளராக இருந்தார். அவரைப் பிறகு பார்ப்போம்.

இப்போது வரைபடத்தில் கொரியாவின் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். அது ஜொல்லா மாகாணம், நாட்டின் நெற்களஞ்சியம். யி சுன்-சின்னின் தளமான யோசு அங்கே இருந்தது. அவருடைய ஆமைக் கப்பலுக்கு மரம் அங்கே, தச்சர்கள் அங்கே, துடுப்புப் போடுகிறவர்கள் அங்கே. ஒரு பானோக்சோன் போர்க்கப்பலை ஓட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் வேண்டும். அவர்களுக்குத் தினமும் சோறு வேண்டும். 1592 கோடையில் கொரியாவின் எட்டு மாகாணங்களில் ஜப்பானியர் கால்வைத்தும் கைப்பற்ற முடியாமல் போன மாகாணம் இதுதான். இங்கே கடல்வழியாக மட்டும் வரப் பார்க்கவில்லை அவர்கள். கோபாயாகாவா தகாகாகேயின் படை கும்சானைப் பிடித்துக்கொண்டு மலைக் கணவாய்கள் வழியாக மாகாணத் தலைநகரான ஜோன்ஜுவை நோக்கி இறங்கியது.

அந்தக் கணவாய்களில் அவர்களைத் தடுத்தது எந்தக் கப்பல்? உங்சி கணவாயில் கிம்ஜே ஊரின் ஆட்சியாளர் ஜோங் தாம் அம்பு தீரும்வரை நின்று, தம் ஆட்களோடு மாண்டார். ஜப்பானியரே அந்தக் கொரிய உடல்களைச் சேர்த்துப் புதைத்து, அவர்களின் வீரத்துக்கு அஞ்சலியாக மரப்பலகை நட்டுவிட்டுப் போனார்கள். எதிரி அன்றே எழுதிக் கொடுத்த நற்சான்று அது. இச்சி கணவாயில் குவான் யுல்லும் ஹ்வாங் ஜின்னும் படையைத் திருப்பி அனுப்பினார்கள். கும்சானை மீட்கப் போன கோ கியோங்-மியோங் அறுபது வயதில் மகனோடு களத்தில் விழுந்தார். பிறகு போன ஜோ ஹோனும் துறவி யோங்கியுவும் தங்கள் 700 பேருடன் ஒருவர் மிச்சமின்றி இறந்தார்கள். அவர்களின் கூட்டுக் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. இவை தோல்விகள்தானே என்பீர்கள். ஆம், களத்தில் தோல்விகள். ஆனால் ஜப்பானியர் கும்சானைக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். ஜோன்ஜு விழவில்லை. யோசு பத்திரமாக இருந்தது. 2022இல் வந்த ‘ஹான்சான்’ படம் கடற்போருக்கு நடுவே உங்சி கணவாயையும் காட்டியது. அந்த இயக்குநருக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

இந்த இணைப்பைச் சந்தேகிப்பவர்கள் 1597ஐப் பார்க்கட்டும். அந்த ஆண்டு இரண்டாம் படையெடுப்பில் நாம்வோனும் ஜோன்ஜுவும் விழுந்தன, ஜொல்லா சூறையாடப்பட்டது. யி சுன்-சின் 13 கப்பல்களோடு மியோங்ரியாங் நீரிணையில் நிகரற்ற வெற்றியைப் பெற்றார். பெற்ற பிறகு என்ன செய்தார்? வென்ற இடத்தில் தங்க முடியாமல் வடக்கே கோகுன்சான் தீவுகள்வரை ஒதுங்கிப் போனார். கரை எதிரியிடம் இருந்தது. அவருடைய குடும்பம் இருந்த ஆசானுக்கே ஜப்பானியர் போய் அவர் மகனைக் கொன்றார்கள். “மியோங்ரியாங்குக்கு முன்பே கொரியக் கடற்படை அழிந்ததால்தானே அந்த ஆண்டு நிலமும் விழுந்தது?” என்று யாராவது கேட்டால், ஆம், அதுவும் சரிதான். கடலும் கரையும் ஒன்றையொன்று தாங்கின. அந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் மாலை போட்டு மற்றதை இகழ்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். 1593இல் எழுதிய ஒரு கடிதத்தில் யி சுன்-சின்னே ஜொல்லா இல்லாவிட்டால் நாடே இல்லை என்ற பொருள்பட எழுதினார். அவருக்குத் தெரிந்திருந்தது, அவரைப் புகழ்பவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஜொல்லாவுக்கு இன்னொரு வாசல் கிழக்கே ஜின்ஜு. நாம் ஆற்றின் வடகரையில் மதில் சூழ்ந்த ஊர். 1592 நவம்பரில் சுமார் 20,000 ஜப்பானியர் அதை முற்றுகையிட்டார்கள். உள்ளே கிம் சி-மின்னின் கீழ் இருந்தவர்கள் 3,800 பேர். தோங்னேயில் ஒரு நாள் தாங்காத கொரிய மதில் இங்கே ஆறு நாள் எப்படித் தாங்கியது என்பதில்தான் என் வழக்கின் உயிர் இருக்கிறது.

தோங்னேக்குக் கிடைக்காத ஒன்று கிம் சி-மின்னுக்குக் கிடைத்தது: சில மாத அவகாசம். அந்த மாதங்களில் அவர் வெடியுப்பு காய்ச்ச வைத்தார், வெடிமருந்து இடிக்க வைத்தார், சுங்ஜா என்ற கைப்பீரங்கிகளை வார்க்க வைத்தார். ஆட்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். முற்றுகைக்குச் சற்று முன், பதவியில் தமக்கு மேலான யு சுங்-இன் என்ற தளபதி மதிலுக்கு வெளியே வந்து நின்று உள்ளே விடும்படி கேட்டார். கிம் சி-மின் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் தலைமை கைமாறும். எதிரி வாசலில் நிற்கும்போது இரண்டு தலைவர்கள் கூடாது. யு சுங்-இன் வெளியே போரிட்டு மடிந்தார். கல்நெஞ்சம் என்று தோன்றலாம். தேகுவில் தலைவனுக்காகக் காத்திருந்து கலைந்த படையை நினைத்துப் பார்த்தால் அந்த முடிவின் அருமை புரியும். இதைக் கேட்ட விடுதலைப் படைத் தலைவர் குவாக் ஜே-உ பாராட்டினார்.

முதியவர்களையும் பெண்களையும் ஆண் உடை அணியச் செய்து மதில்மேல் நிறுத்தினார்கள், ஆள்பலம் பெரிதாகத் தெரிய. ஜப்பானியர் தாங்கள் பிடித்து வைத்திருந்த கொரியச் சிறுவர்களை மதிலைச் சுற்றி நடக்கவிட்டு, தலைநகர் விழுந்துவிட்டது, சரணடையுங்கள் என்று கத்த வைத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு குரலும் பதில் போகவில்லை. மூங்கில் ஏணிகளும் உயரமான மரக்கோபுரங்களும் வந்தன. கோபுரத்தின்மேல் இருந்து துப்பாக்கிகள் சுட்டன. கோபுரங்களைப் பீரங்கி உடைத்தது. ஏணியில் ஏறியவர்கள்மேல் கல்லும் கொதிக்கும் நீரும் விழுந்தன. இரவில் மலைகளின்மேல் குவாக் ஜே-உவின் ஆட்கள் தீப்பந்தம் ஏந்திக் கூச்சலிட்டு, பெரும்படை வருகிறது என்று காட்டினார்கள். கடைசி நாள் விடியலில் கிழக்கு வாசலில் நின்ற கிம் சி-மின்னின் நெற்றியில் குண்டு பாய்ந்தது. கோன்யாங் ஆட்சியாளர் யி குவாங்-ஆக் அவர் இடத்தில் நின்றார். தலைவன் விழுந்தும் அந்தப் படை கலையவில்லை. ஜப்பானியர் தளவாடங்களை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். காயம் ஆறாமல் கிம் சி-மின் சில நாட்களில் இறந்துபோனார்.

துப்பாக்கி இருந்ததால்தான் ஜப்பான் வென்றது, கொரியர்களிடம் வில் தவிர ஒன்றுமில்லை என்ற பேச்சுக்கு ஜின்ஜு ஒன்றே போதும். தனிமனிதன் தூக்கிச் சுடும் திரித் துப்பாக்கி ஜப்பானியரிடம் சிறந்திருந்தது. பீரங்கியிலும் வெடிகுண்டிலும் கொரியர் முன்னே இருந்தார்கள். யி ஜாங்-சோன் செய்த திரி வைத்த இரும்புக் குண்டை 1592 இலையுதிர் காலத்தில் கியோங்ஜு கோட்டைக்குள் எறிந்தபோது, அது என்னவென்று தெரியாமல் சுற்றி நின்று பார்த்த ஜப்பானியர் அது வெடித்துச் செத்தார்கள். அவர்கள் அந்தக் கோட்டையைக் காலிசெய்தார்கள். சமவெளியில் தயாரிப்பின்றி மோதியபோது தோற்ற அதே மக்கள், மதிலும் நேரமும் தெரிந்த தலைவனும் கிடைத்த இடங்களில் வென்றார்கள். யோனான் கோட்டையில் யி ஜோங்-ஆம் குரோதா நாகமாசாவின் படையை நான்கு நாள் தாங்கித் திருப்பி அனுப்பினார். மதில் விழுந்தால் கொளுத்திவிடும்படி மகனிடம் சொல்லிவிட்டு, வைக்கோல் குவியல்மேல் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அரசருக்கு அவர் அனுப்பிய வெற்றி அறிக்கையில் எதிரி எந்த நாள் சூழ்ந்தான், எந்த நாள் போனான் என்பதுதான் இருந்தது. தற்புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை.

இனி ஹெங்ஜு. ‘மிங் படைதான் மீட்டது’ என்ற வரியை எடுத்துக்கொண்டு இந்த மலைமேல் ஏறிப் பார்க்க வேண்டும்.

1593 பிப்ரவரியில் லி ருசோங்கின் மிங் படை கொரியரோடு சேர்ந்து பியோங்யாங்கை மீட்டது. பெரிய வெற்றி. அந்த உற்சாகத்தில் ஹான்யாங்கை நோக்கி விரைந்த லி ருசோங், பிப்ரவரி 27 அன்று பியோக்ஜேயில் அடிவாங்கினார். பிறகு வடக்கே திரும்பிவிட்டார். ஹான்யாங்கை இரு பக்கமும் நெருக்கலாம் என்று நம்பித் தெற்கிலிருந்து வந்து, நகருக்கு மேற்கே ஹான் ஆற்றங்கரையில் ஹெங்ஜு என்ற இந்தக் குன்றின்மேல் ஏறியிருந்த குவான் யுல் தனியே விடப்பட்டார். 125 மீட்டர்கூட எட்டாத குன்று அது. பின்னால் ஆறு. கல்மதிலுக்கு நேரமில்லை, இரட்டை மரவேலி நட்டார்கள். கூடவே இருந்தவர்கள் 2,300 பேர் என்பது வழக்கமான கணக்கு. அதில் ஒரு பகுதி, சோயோங் என்பவரின் தலைமையில் வந்த பௌத்தத் துறவிகள்.

பியோக்ஜேயில் மிங் படையைத் துரத்தி விட்ட தெம்போடு மார்ச் 14 அன்று விடியலில் 30,000 ஜப்பானியர் அந்தக் குன்றைச் சூழ்ந்தார்கள். கொரியாவிலிருந்த ஜப்பானியப் படைகளின் தலைமைத் தளபதி உகிதா ஹிதெயியே நேரில் வந்தார். கோனிஷி வந்தார், இஷிதா மிட்சுனாரி வந்தார், குரோதா, கிக்காவா ஹிரோயியே, கோபாயாகாவா வந்தார்கள். பிற்காலத்தில் ஜப்பானின் தலைவிதியையே முடிவுசெய்யப் போகிற பெயர்கள் பாதி அந்தச் சரிவில் நின்றன. முறைவைத்து அலை அலையாக ஏறினார்கள். வண்டியில் பொருத்திய குழல்களிலிருந்து ஒரே வீச்சில் சீறும் ஹ்வாச்சாக்கள் மேலிருந்து சுட்டன. பிறகு அம்பு. பிறகு கல். ஜப்பானியர் மரவேலிக்குத் தீ வைத்தார்கள்; குன்றின்மேல் சேர்த்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். துறவிகள் காத்த பக்கம் ஒரு கட்டத்தில் உடைந்தது. குவான் யுல் வாளை உருவிக்கொண்டு அங்கே போய் நின்றார், உடைப்பு அடைந்தது. ஒன்பது முறை ஏறினார்கள். உகிதா காயப்பட்டார். இஷிதாவும் கிக்காவாவும் காயப்பட்டார்கள். பிற்பகலில் அம்புகள் தீர்ந்துபோகிற நேரத்தில் ஹான் ஆற்றின் வழியே படகுகள் அம்புக் கட்டுகளோடு வந்து சேர்ந்தன. சாயங்காலம் ஜப்பானியர் இறங்கிப் போய்விட்டார்கள்.

அன்று அந்தக் குன்றில் போரிட்ட மிங் படைவீரன் ஒருவன்கூட இல்லை. அந்த நாள் தலைநகரை நோக்கியிருந்த கொரியத் தரைப்படையின் நாள்.

இதற்கும் ஒரு மறுப்பு தயாராக இருக்கிறது: 1593 மே மாதம் ஜப்பானியர் ஹான்யாங்கைவிட்டுப் போனது பசியாலும் நோயாலும் சமரசப் பேச்சாலும்தான், ஹெங்ஜுவால் இல்லை என்பார்கள். பசி உண்மை. புசானில் இறங்கியபோது 18,700 பேராக இருந்த கோனிஷியின் பிரிவு, அந்த வசந்தத்தில் ஹான்யாங்கில் எண்ணிப் பார்த்தபோது சுமார் 6,600 பேராகச் சுருங்கியிருந்தது. பியோங்யாங் போர், குளிர், நோய், பட்டினி எல்லாம் சேர்ந்து தின்றன. ஆனால் பட்டினி வானத்திலிருந்தா விழுந்தது? மேற்குக் கடல்வழியை யி சுன்-சின் அடைத்தார். மீதமிருந்தது புசானிலிருந்து ஹான்யாங்குக்கு வரும் நீண்ட தரைவழி. அந்த வழி நெடுக விவசாயிகளும் ஊர்ப் பண்டிதர்களும் துறவிகளும் திரட்டிய விடுதலைப் படைகள் இரவில் அடித்தன, தூதர்களை மறித்தன, அரிசி மூட்டைகளைக் கொளுத்தின. வழிநெடுகக் காவல் கோட்டைகள் கட்டி அவற்றில் ஆட்களை முடக்க வேண்டிய நிலைக்கு ஜப்பானியரைத் தள்ளியவர்கள் அவர்கள். விளையும் ஜொல்லாவையோ எடுக்க முடியவில்லை. அதைக் காத்தவர்கள் யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பிறகு எப்படி இந்தக் கதை நிலைத்தது? அதைத் தொடங்கி வைத்தது ஜப்பான்கூட இல்லை, கொரிய அரண்மனை. தலைநகரைவிட்டு ஓடிய அரசருக்கு, தலைநகரைவிட்டு ஓடாமல் போரிட்ட குடிமக்கள் சங்கடமாக இருந்தார்கள். போர் முடிந்த பின் சோன்ஜோ வெளிப்படையாகவே சொன்னார்: நாடு மீண்டதற்குக் காரணம் மிங் படை, நம் தளபதிகள் அதன் பின்னால் நடந்தவர்கள். கடற்படையையும் ஹெங்ஜுவையும் மட்டும் ஓரளவு பரவாயில்லை என்ற அளவில் ஏற்றுக்கொண்டார். 1604இல் அவர் பட்டம் வழங்கியபோது, போர்க்களத்தில் பங்காற்றியதற்காகச் சிறப்பிக்கப்பட்டவர்கள் 18 பேர். ஓடும்போது தம்மோடு கூட வந்ததற்காகச் சிறப்பிக்கப்பட்டவர்கள் 86 பேர். அந்த 86இல் அரண்மனை ஏவலர்களும் குதிரை வைத்தியர்களும் உண்டு. அந்த 18இல் குவாக் ஜே-உ இல்லை. விடுதலைப் படைத் தலைவர் கிம் தோக்-ரியோங், 1596இல் கலகக்காரர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்டுச் சித்திரவதையில் இறந்தார். நூறாண்டு கழிந்து 1704இல் மிங் பேரரசருக்கு நன்றி செலுத்த அரண்மனைக்குள் பலிபீடம் எழுப்பினார்கள். நாம் இன்று நடுநிலை வரலாறு என்று நம்பிப் படிப்பதில் பாதி, தன் ஓட்டத்தை மறைக்க ஓர் அரசர் கட்டிய கணக்கு. அதைக் கேள்வி கேட்காமல் ஒப்பிப்பது எனக்குச் சகிக்கவில்லை.

வடகிழக்கில் ஜப்பானியத் தளபதி கதோ கியோமாசாவின் பிடியிலிருந்து ஹம்கியோங் மாகாணத்தை மீட்ட ஜோங் முன்-புவின் படைக்குப் பின்னாளில் ஒரு வெற்றிக் கல்வெட்டு நட்டார்கள். 1905இல் ஜப்பானிய ராணுவம் அதைப் பெயர்த்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய் யாசுகுனி கோயிலில் வைத்தது. 2005இல்தான் அது கொரியாவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு வடகொரியாவில் தன் பழைய இடத்துக்குப் போனது. நூறாண்டு அந்தக் கல் தன் மண்ணில் இல்லை. தரைப்போரின் நினைவுக்கு நேர்ந்ததும் இதுதான்.

கடைசியாக ஒரு சான்று, என்னைப் பொறுத்தவரை மிகக் கனமானது. 1593 கோடையில் சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜப்பானியர் தெற்குக் கரைக்கு ஒதுங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷி ஜின்ஜுவை அழித்து, உள்ளே இருப்பவர்கள் எல்லோரையும் கொல்லும்படி ஆணையிட்டார். ஏறக்குறைய 93,000 பேர் போனார்கள். மிங் தளபதிகள் ஊரைக் காலிசெய்யச் சொன்னார்கள். குவாக் ஜே-உவும் உள்ளே போக மறுத்தார். கிம் சோன்-இல், சோய் கியோங்-ஹோ, இச்சியில் நின்ற அதே ஹ்வாங் ஜின் ஆகியோர் உள்ளே இருந்து போரிட்டு மடிந்தார்கள். ஜூலை இறுதியில் மதில் விழுந்தது. உள்ளே இருந்த 60,000 பேர் கொல்லப்பட்டதாகக் கொரியப் பதிவுகள் சொல்கின்றன. ஆனாலும் ஜப்பானியரால் அதைத் தாண்டி ஜொல்லாவைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை, கரைக்கே திரும்பினார்கள். முந்தைய ஆண்டு 3,800 பேர் தந்த தோல்வி ஜப்பானின் ஆட்சியாளரை எவ்வளவு சுட்டிருந்தால், பேச்சு நடக்கும்போதே ஓர் ஊரைப் பழிதீர்க்க இத்தனை படையை அனுப்பியிருப்பார்? ஓடிப்போனவர்கள் என்று நாம் எழுதும் மக்களைப் பற்றி ஹிதேயோஷிக்கு அப்படிப்பட்ட எண்ணம் இருந்ததில்லை.

இந்தப் போரைப் பற்றி இனி எழுதுகிறவர்களுக்கும், காணொளி போடுகிறவர்களுக்கும், வகுப்பில் சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யி சுன்-சின் பெயரை எழுதும் அதே பத்தியில் கிம் சி-மின், குவான் யுல், யி ஜோங்-ஆம், ஜோங் தாம் பெயர்களையும் எழுதுங்கள். ‘தரையில் ஓடினார்கள்’ என்ற வரியை அடித்துவிடுங்கள்.